ஐம்பத்திரண்டும் தொண்ணூற்றெட்டும்

ஜனவரி 8, திங்கள்

இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பிரசவம் ஆனாலும் வேலை என் தலையில்தான் விழும் போலிருக்கிறது. அறிவியல் ஆசிரியை இன்றோடு விடுப்பில் போகிறார். அவர் நடத்திக்கொண்டிருந்த ஏரி வகுப்பை இனி யார் எடுப்பது என்று தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் விவரம் தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டேன்.

ஏரி வகுப்பு என்பது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரை வாரம் இரண்டு முறை உப்பேரிக்குள் இறக்கிவிட்டு, சேற்றையும் நண்டையும் பறவையையும் கையால் தொட்டு, எண்ணி, அளந்து படிக்க வைப்பது. வெள்ளோடைக்குப்பத்தில் ஏரிக்குக் குறைச்சல் இல்லை. பள்ளிச் சுவரைத் தாண்டினால் ஏரி, ஏரியைத் தாண்டினால் முகத்துவாரம், அதற்கப்பால் கடல். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். நல்ல பாடம்தான். ஆனால் நான் உடற்கல்வி ஆசிரியன். முனிரத்தினம், சொந்த ஊர் பொம்மிடி, இருபத்திரண்டு வருட சர்வீஸ். எனக்குத் தெரிந்ததெல்லாம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது.

"நீங்க விசில் அடிச்சா பசங்க அப்படியே நிக்கிறாங்க சார். தண்ணிகிட்ட அதுதான் முக்கியம்" என்றார் எஸ்தர் டீச்சர். 

ஜனவரி 10, புதன்

முதல் வகுப்பு. கரையில் நின்று நடத்தினேன். மேற்பார்வை என்பது தள்ளி நின்று செய்ய வேண்டிய காரியம். உள்ளே இறங்கிவிட்டால் மொத்தக் கூட்டமும் கண்ணில் படாது. பிள்ளைகளோடு சத்துணவுக்கூடக் குப்பம்மாள் இறங்கினார். அவர் இந்த ஏரியிலேயே நீந்தி வளர்ந்தவர், போதும். தவிர, எனக்கு இன்று புதுச் செருப்பு.

பிள்ளைகள் சேற்றுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, அகப்பட்டதையெல்லாம் உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் கொண்டுவந்தார்கள். செம்புழு, சின்ன நண்டு, ஊசி மாதிரி ஒரு சிப்பி. நான் பார்த்து, பெயர் கேட்டு, பதிவேட்டில் ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னவள் யுவராணி. அவள்தான் எட்டாம் வகுப்பின் வாய். அப்பா தேசப்பன் இங்கேதான் இறால் பிடிக்கிறார். "நீங்க ஏன் சார் இறங்கல?" என்று கேட்டாள். செருப்பைக் காட்டினேன்.

ஜனவரி 12, வெள்ளி

பூநாரை எண்ணும் நாள். தீனதயாளன் முணுமுணுத்துக்கொண்டே 212 வரை எண்ணிவிட்டான். பின்னால் இரண்டு பேர் பேசினார்கள். சத்தம் போடாதே என்று விசில் அடித்தேன். அத்தனை பறவையும் எழும்பிப் போய்விட்டன. "ஏறத்தாழ 212" என்று எழுதச் சொன்னேன். லேசாகச் சளி. அதனால் தண்ணீரில் இறங்கவில்லை.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் வகுப்பு. மனசுக்குத் திருப்தியான நாள்.

ஏரியின் தென்பக்கம் சின்ன ஓடை என்று சொல்கிறார்கள். ஏரிக்குள்ளேயே ஓடும் நீரோட்டம் அது. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். அங்கே இருபத்திரண்டு சவுக்குக் கழிகள் நட்டிருந்தன. கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நடுவில் குடிகாரன் நடந்துபோன மாதிரி ஒரு வளைவு. அறிவியல் டீச்சர் அளவெடுக்க நட்டதாகத்தான் இருக்கும். அவருக்குக் கரும்பலகையிலேயே நேர்கோடு வராது.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். எல்லாக் கழியையும் பிடுங்கச் சொன்னேன். கயிறு கட்டி, பத்து மீட்டருக்கு ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி மறுபடியும் நடவைத்தேன். கரையிலிருந்து கொடி காட்டியே முழு வேலையையும் முடித்தேன் என்பதைக் குறிப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, அவ்வளவு உற்சாகம். யுவராணி மட்டும் இரண்டு முறை கை தூக்கினாள். வரிசையில் நிற்கும்போது பேசக்கூடாது என்பது என் சட்டம். வகுப்பு முடிந்ததும் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். பிறகு மறந்துவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

காலையில் பிரேயர் முடிவதற்குள் ஏழெட்டு ஆண்கள் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் தேசப்பன். அந்தக் கழிகள் டீச்சர் நட்டவை அல்ல. இறால் வலை கட்டும் கழிகள்.

இந்த ஊரில் அதற்குப் பாடு என்று பெயர். ஏரியில் கண்ட இடத்தில் கண்டவர் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி, குழு குழுவாகப் பிரித்து, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். சின்ன ஓடையில் மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் வலை. மற்ற நாளெல்லாம் இறால் வளர விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் நேற்று. முறை தேசப்பன் குழுவுக்கு. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் போய், கழி இருந்த இடத்தில் வலையைக் கட்டியிருக்கிறார்கள். விடியும் வரை இருந்தும் ஒரு கூடைகூடத் தேறவில்லை. ஓடை வளைந்து போகிறது, கழி நேராக நிற்கிறது. இறால் அதன் வழியே அது போய்விட்டது.

தேசப்பன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "மூணு வாரத்துக்கு ஒரு நாள் சார் எங்களுக்கு" என்றார், அவ்வளவுதான்.

யுவராணியைக் கூப்பிட்டு, தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கை தூக்குனேன் சார், ரெண்டு தபா" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருட சர்வீஸில் ஒரு பிள்ளை முன்னால் நான் இப்படித் தலை குனிந்ததில்லை.

ஜனவரி 20, சனி

மீன் ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம். எஸ்தர் டீச்சரும் வந்தார். எழுந்து மன்னிப்புக் கேட்டேன். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஒருவர் மட்டும் பூநாரை விஷயத்தைக் கேட்டார். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

ஊர்த் தலைவர் கன்னியப்பன் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். அடுத்த முறை வரவேண்டிய குழு விட்டுக்கொடுக்க, பிப்ரவரி 8-ஆம் தேதி சின்ன ஓடை மறுபடியும் தேசப்பன் குழுவுக்கே. அதற்குள் கழிகள் பழைய இடத்துக்கு வரவேண்டும். "நாங்க நட்டா அரை நாள் வேலை. ஆனா நீங்க பாடம்தானே நடத்துறீங்க? ஓடை எங்க போவுதுன்னு பசங்க கண்டுபுடிச்சி நடட்டும்" என்றார். தப்பாக இருந்தால் அன்றைக்கு அவர்களே வந்து திருத்திக்கொள்வார்களாம்.

நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். அவர் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்குது. கழிய புடுங்கச் சொன்னது யாரோ, அவரு கையாலதான் மொதல் கழிய நடணும். அது எங்க வழக்கம். அது நடக்கலேன்னா பசங்க இனிமே பாடம்னு ஏரியில கால் வெக்க வேணாம்."

முதல் கழி என்பது ஓடையின் வாயில் நிற்பது. கரையிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே. கன்னியப்பன் என் பேண்ட்டின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் இஸ்திரி போட்டது.

ஜனவரி 24, புதன்

வேலை ஆரம்பம். பள்ளியில் இருக்கும் விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் ஏரிக்கு வந்துவிட்டன. நீளம் தாண்டுதல் டேப், ஸ்டாப்வாட்ச், கொடிகள். ஆழம் பார்க்க ஒரு மூங்கில் கோல்.

பிள்ளைகள் கோலில் சென்டிமீட்டர் கோடு போடுவதற்கு முன் என்னை நிற்கவைத்து டேப்பால் அளந்தார்கள். முழங்கால் வரை 52. இடுப்பு வரை 98. எதற்கு என்று கேட்டேன். "ஒரு கணக்குக்கு சார்" என்றான் தீனதயாளன். வெள்ளிக்கிழமை குடியரசு தினம். எனக்கு பேண்ட் தைக்கப் போகிறார்களோ என்று நினைத்தேன். வெள்ளைத் துணி நன்றாக இருக்கும் என்றுகூடச் சொல்லிவைத்தேன்.

சின்ன ஓடைப் பக்கம் நான் போகவில்லை. இடது கெண்டைக்காலில் பிடிப்பு.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம், அணிவகுப்பு. நேர்கோடு என்றால் இதுதான் நேர்கோடு. பேண்ட் வரவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

காலையில் ஏரிக்கரைக்குச் செருப்புக் கழுவப் போனேன். ஆறு முறை கழுவினேன். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றுதான் கழுவினேன். அங்கிருந்து பார்த்தால் கரை தெரிகிறது, எதிர்ப்பக்கமும் தெரிகிறது. நடுவில் இருப்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு போன் போட்டேன். என்ன சாப்பாடு என்று கேட்டபின், தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். என் மனைவி மல்லிகா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "அவங்ககிட்ட விஷயத்தச் சொல்லிடுங்களேன்" என்றாள். என்ன விஷயம், சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றேன். எங்கள் ஊர்க் கிணறு அறுபது அடி. ஏழு வயதில் ஒருநாள் அதை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். இதில் ஏரி வகுப்புக்குச் சம்பந்தமானது எதுவும் இல்லை.

ஜனவரி 31, புதன்

இன்று நீரோட்டம் பார்த்தோம். எது மிதக்கும், எது காற்றில் அடித்துக்கொண்டு போகாது என்று பெரிய விவாதம். காலி பாட்டில் காற்றுக்கு ஓடியது. கடைசியில் கமலா ஆரஞ்சுதான் ஜெயித்தது. முக்கால்வாசி தண்ணீருக்குள் அமிழ்ந்து மிதக்கிறது, நிறமும் தூரத்திலேயே தெரிகிறது. ஓடையின் வாயில் ஒவ்வொன்றாக விட்டு, அது போகும் வழியில் பிள்ளைகள் நின்று கை தூக்க, நான் கரையிலிருந்து நேரம் எடுத்தேன். பத்து மீட்டருக்கு இத்தனை விநாடி என்று இருபது அளவு. கால் நொடி பிசகில்லை. இந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பதினாறாவது ஆரஞ்சின் கணக்கு மட்டும் இல்லை. தீனதயாளன் உரித்துத் தின்றுவிட்டான். உப்புப் போட்ட மாதிரி நன்றாக இருந்ததாம்.

இன்னொரு செய்தி. சட்டத்தை மாற்றிவிட்டேன். வரிசையில் நிற்கும்போதும் கை தூக்கினால் உடனே பேசலாம். முதலில் கை தூக்கியவள் யுவராணிதான். கோலில் நான் சொன்னபடி ஐம்பதிலும் நூறிலும் வர்ணம் அடிக்கவில்லை என்பதைச் சொல்லவே கை தூக்கினாளாம். 52-இல் பச்சை வளையம், 98-இல் சிவப்பு வளையம். இப்படி அரைகுறை எண்ணில் வளையம் போடுகிறவர்கள் கணக்கில் எப்படிப் பாஸ் பண்ணப் போகிறார்கள் என்று திட்டினேன். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஓடை கிடைத்துவிட்டது.

ஆரஞ்சுகள் ஏழாவது கழியிடத்தில் இடப்பக்கம் திரும்புகின்றன, பதினாலில் வலப்பக்கம். கோல் அளவும் அதையேதான் சொல்கிறது. யுவராணி கண்ணை மூடிக்கொண்டு காலாலேயே கண்டுபிடிக்கிறாள். ஓடைக்குள் மணலும் சிப்பியும் காலில் குத்துமாம், ஓரத்தில் வழவழவென்று சேறாம். கடல் வற்றும்போது தண்ணீர் இந்த வளைவில்தான் வேகமெடுக்கிறது, இறால் அந்த வேகத்தோடு சேர்ந்து வெளியே போகப் பார்க்கிறது. கழிகள் அத்தனையும் அந்த வளைவின் ஓரத்திலேயே நின்றிருக்கின்றன. நட்டவர்கள் யாரும் குடித்துவிட்டு நடவில்லை. நான்தான் தண்ணீருக்குள் இருப்பதைப் பார்க்காமல் மேலே இருப்பதற்குக் கோடு போட்டவன்.

பழைய கழிக்குழிகளில் ஒன்பதைப் பிள்ளைகள் காலால் துழாவிக் கண்டுபிடித்தார்கள். ஒன்பதும் அவர்கள் சார்ட்டில் வரைந்த கோட்டின் மேலேயே இருக்கின்றன. கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நானும் கத்தினேன் என்று பிறகு குப்பம்மாள் சொன்னார்.

வேலைதான் முடிந்துவிட்டதே, அப்புறமும் கோலைத் தூக்கிக்கொண்டு கரைக்கும் ஓடை வாய்க்கும் நடுவில் அளந்துகொண்டேயிருந்தார்கள். அங்கே கழியும் இல்லை ஒன்றும் இல்லை. வீண் வேலை என்றேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

விடுப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கழி நடும் எட்டாம் தேதிக்கு, காது வலி. நாலு முறை எழுதி, நாலாவது நன்றாக வந்திருக்கிறது.

நான் இல்லாவிட்டால் வகுப்பு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளைகள் சார்ட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 7, புதன்

கடிதத்தைக் கொடுத்தேன். எஸ்தர் டீச்சர் பிரிக்கவில்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகினார். "எனக்கு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இதப் படிக்க நேரம் இல்ல சார்" என்றார்.

பிப்ரவரி 8, வியாழன்

மதியம் இரண்டரைக்கு வற்றம். அமாவாசை நெருக்கம் என்பதால் தண்ணீர் நன்றாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஊரில் பாதி கரையில் நின்றது. கன்னியப்பன் ஒரு கழியை என் கையில் கொடுத்தார்.  

செருப்பைக் கழற்றினேன். சளி, கெண்டைக்கால், காது எதுவும் வாயில் வரவில்லை. கணுக்கால் வரை போனேன். அதற்கு மேல் கால் வரமாட்டேன் என்றது. பின்னால் ஊர். முன்னால் தண்ணீர். ஏழு வயதில் கேட்ட அதே சத்தம் காதுக்குள் கேட்டது. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உண்மை அதுதான்.

யுவராணி சார்ட்டைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தாள். ஓடை நீலத்தில் வளைந்து வளைந்து போகிறது. அதுபோக, கரையிலிருந்து ஓடை வாய் வரை பச்சையில் இன்னொரு கோடு. கோணல் மாணலாக, சில இடத்தில் பின்னால் வந்து சுற்றிக்கொண்டு. அதன் ஓரம் முழுக்க எண்கள். 44, 61, 70, 83, 90, 77.

"இது இறால் போற வழி இல்ல சார், நீங்க போற வழி. இதுல எங்கியும் உங்க இடுப்புக்கு மேல தண்ணி இல்ல. மூணு நாள் அளந்துட்டோம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த 52-உம் 98-உம் புரிந்தது. அந்த வீண் வேலையும் புரிந்தது. புதுச் செருப்பு நாளிலிருந்தே இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் வகுப்பு ஒரு விஷயத்தை ஒரு மாதம் வெளியே விடாமல் வைத்திருந்தது என்று சொன்னால் எந்த வாத்தியாரும் நம்பமாட்டார்.

இருபத்து மூன்று பேரும் அந்தப் பச்சைக் கோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீரில் போய் நின்றுகொண்டார்கள். என் சர்வீஸில் நான் பார்த்த மிகக் கோணலான வரிசை அது. நடுவில் நடந்தேன். தீனதயாளன் கோலை ஊன்றி ஊன்றி முன்னால் போனான். "எழுபது சார். எண்பத்திமூணு சார். இப்ப தொண்ணூறு வரும், பயப்படாதீங்க, அப்புறம் எறங்கிடும்." தொண்ணூறு வந்தது. இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஜில்லென்று. சிவப்பு வளையம் தண்ணீருக்கு மேலேயே இருந்தது. நான் அந்த வளையத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. எண்கள் சொன்னபடியே இறங்கிவிட்டது.

ஓடை வாயில் முதல் கழியை ஊன்றினேன். உள்ளே சிப்பி நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. மற்ற இருபத்தொன்றையும் பிள்ளைகள் நட்டார்கள். கன்னியப்பன் தோணியில் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தொன்பதாவதை மட்டும் ஒரு கை தள்ளி நட்டார்.

திரும்பி வந்ததும் கரையில் உட்கார்ந்து அழுதேன். முகத்தில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர்தான். கண்டுகொண்டவர்கள் கண்டுகொள்ளாதது போல இருந்தார்கள்.

பிப்ரவரி 9, வெள்ளி

கூடை கூடையாக இறால். காலையில் தேசப்பன் பள்ளிச் சமையலுக்கு ஒரு கூடை கொண்டுவந்து இறக்கினார். தை அமாவாசை, நல்ல நாளும் அதுவுமாய் வேண்டாம் என்று எஸ்தர் டீச்சர் சொல்ல, கூடை குப்பம்மாள் வீட்டு ஐஸ் பெட்டிக்குப் போனது. நாளைக்குக் கணக்குத் தீர்க்கப்படும். என் கடிதம் பிரிக்காமலேயே திரும்பி வந்தது.

பிப்ரவரி 14, புதன்

ஏரி வகுப்பு. காற்று அதிகம், தண்ணீர் ஏறியிருந்தது. பிள்ளைகள் இன்று தேசப்பனின் தோணியில் போய்த் தண்ணீரின் உப்பு பார்க்க வேண்டும். யுவராணி கரையோரம் கோலை ஊன்றிப் பார்த்தாள். 104. சிவப்பு வளையம் முழுகிவிட்டது.

"இன்னிக்கி நீங்க வேணாம் சார். கரையிலயே இருங்க" என்றாள்.

சரி என்றேன். தேசப்பன் தோணியில் இடம் இருக்கிறதே, ஏன் சார் வரவில்லை என்று கேட்டார். எனக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் என்றால் பயம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கழியை ஊன்றித் தோணியைத் தள்ளினார். ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செருப்பு பழையதுதான் போட்டிருந்தேன்.